யாரைக் கேட்டு?

அன்புள்ள ஆலோசகர் அம்மாவுக்கு,

எனக்கு வயது 44. ராமநாதபுரத்தில் ஒரு பள்ளி அலுவலகத்தில் எழுத்தராக இருக்கிறேன். காலை ஏழரை மணி பஸ்ஸில் பாம்பன் பாலத்தைத் தாண்டி வருவேன், இரவு ஏழுக்குத் திரும்புவேன். கணவர் விசைப்படகில் டிரைவர். மகள் பிளஸ் டூ படிக்கிறாள், மகன் ஏழாம் வகுப்பு. எங்களோடு என் அப்பாவின் தங்கை இருக்கிறார், வயது 69. ‘எங்களோடு இருக்கிறார்’ என்று எழுதியதே தவறு. நாங்கள்தான் அவரோடு இருக்கிறோம். வீடு அவர் கடல்பாசி எடுத்துச் சேர்த்த பணத்தில் கட்டியது.

அத்தை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1986-இல் காய்ச்சலில் அம்மா இறந்தபோது எனக்கு ஐந்து வயது, அண்ணனுக்கு எட்டு. அப்பா வள்ளத்தில் போய்விடுவார். எங்களுக்குச் சோறு போட்டது, தலை வாரிவிட்டது, என்னைக் கல்லூரிக்கு அனுப்ப வேண்டும் என்று அப்பாவிடம் சண்டை போட்டது எல்லாம் அத்தைதான். இன்றைக்கும் மரிக்கொழுந்துப் பாசி எடுக்கப் போகிறார். இடுப்பில் வலைப்பை, விரல்களில் துணிச்சுற்று, கண்ணுக்குக் கண்ணாடி. எங்கள் பக்கத்துப் பெண்கள் மாதத்தில் பன்னிரண்டு நாள்தான் போவார்கள், மீதி நாள் பாசி வளரட்டும் என்று அவர்களே வைத்துக்கொண்ட கட்டுப்பாடு. அந்தப் பன்னிரண்டு நாளில் ஒரு நாளைக்கூட அத்தை விட்டதில்லை.

போன புரட்டாசிக் கடைசியில் மழைக்கு முன் ஓடு மாற்றினோம். சாமான்களை இறக்கும்போது அத்தையின் தகரப் பெட்டி கொக்கி கழன்று திறந்துகொண்டது. இரண்டு பட்டுச்சேலை, என் அம்மாவின் கல்யாணப் படம், அடியில் பிளாஸ்டிக் பையில் சுற்றிய பதினோரு இன்லேண்ட் கடிதங்கள். நான் வேலைக்குப் போயிருந்தேன், அத்தை கடலில். மகள் உட்கார்ந்து பதினொன்றையும் படித்திருக்கிறாள். சாயங்காலம் நான் வந்தபோது அவள் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. ‘அம்மாச்சிக்கு ஒரு லவ் ஸ்டோரி இருந்திருக்கிறது அம்மா’ என்றாள். மறைக்காமல் சொல்கிறேன், நானும் வாங்கிப் படித்தேன்.

கடிதங்களை எழுதியவர் இலங்கையில் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர். சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தப்படி 1978-இல் குடும்பத்தோடு தலைமன்னாரிலிருந்து கப்பலில் ராமேஸ்வரம் வந்து இறங்கி, மண்டபம் முகாமில் இருந்திருக்கிறார். அந்த மாதங்களில் பாம்பனுக்கு வந்து ஒரு கருவாட்டுக் கிட்டங்கியில் சிப்பம் கட்டியிருக்கிறார். அத்தைக்கும் அங்கேதான் அப்போது வேலை. பிறகு அந்தக் குடும்பத்தை நீலகிரியில் தேயிலைத் தோட்ட வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். 1979-இல் தொடங்கி 1982 பங்குனி வரை அங்கிருந்து எழுதியிருக்கிறார். ‘நீ வந்துவிடு, இல்லையென்றால் நான் வந்து உன் அப்பாவிடம் பேசுகிறேன்’ என்பதுதான் எல்லாக் கடிதத்துக்கும் சாரம். ஒரு கடிதத்தில் இப்படி எழுதியிருக்கிறார்: (மூன்று வரிகளை நீக்கியிருக்கிறேன் – ஆலோசகர்). கடைசிக் கடிதத்தில், இரண்டு கடிதங்களுக்குப் பதில் வரவில்லை என்று வருத்தப்பட்டிருக்கிறார். அதோடு முடிந்துவிட்டது.

எங்களுக்கு மனது தாங்கவில்லை. தாத்தாதான் கெடுத்திருப்பார் என்று நினைத்தோம், அவர் அப்படிக் கோபக்காரர். அல்லது எங்களை வளர்க்க வேண்டும் என்று அத்தையே எல்லாவற்றையும் விட்டிருப்பார். மகள் கடிதங்களைப் படம் பிடித்து எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டாள், 23 பேர் இருக்கிற குழு. ‘நாற்பது வருடம் காத்திருந்த காதல்’ என்று மேலே எழுதியிருந்தாள். எல்லோரும் அழுகிற முகமும் இதயமுமாகப் போட்டுத் தள்ளினார்கள். சிங்கப்பூரில் இருக்கிற அண்ணன் அன்று இரவே என்னைக் கூப்பிட்டு, ‘அத்தைக்கு நாம் பட்ட கடனை அடைக்க இது ஒன்றுதான் வழி’ என்று அழுதான். பத்து நாளில் முகநூல் வழியாக அவருடைய மகனைப் பிடித்துவிட்டான். அவருக்கு இப்போது 72 வயதாம், மனைவி இறந்து ஆறு வருடம் ஆகிறதாம். அண்ணன் அவரிடமே பேசினான். தை அமாவாசைக்கு ராமேஸ்வரம் வந்து அக்னி தீர்த்தத்தில் குளித்து மனைவிக்குத் திதி கொடுக்கப் போவதாகவும், அப்போது வந்து பார்ப்பதாகவும் அவர் சொல்லியிருக்கிறார்.

இதை அத்தையிடம் சந்தோஷமாகச் சொல்லலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்பீக்கரில் போட்டு அண்ணனைப் பேச வைத்தோம். அத்தை சங்கரா மீனுக்குச் செதிள் உரசிக்கொண்டிருந்தார். முழுவதும் கேட்டார். கத்தியைக் கீழே வைக்காமல், ‘யாரைக் கேட்டு?’ என்றார். அண்ணன் பதறி, ‘தாத்தா செய்த தப்பை நாங்கள் சரிசெய்கிறோம் அத்தை’ என்றான். ‘எங்கப்பா ஒன்றும் சொல்லவில்லை. நான்தான் போகவில்லை. விடு’ என்று சொல்லிவிட்டு மீனைக் கழுவ எழுந்துபோய்விட்டார்.

அன்றிலிருந்து பத்தொன்பது நாளாக என்னிடமும் மகளிடமும் பேசவில்லை. சமைக்கிறார், சாப்பிடுகிறார், கடலுக்குப் போகிறார், பக்கத்து வீட்டில் உட்கார்ந்து சிரித்துப் பேசுகிறார். எங்களிடம் மட்டும் இல்லை. மறுநாளே கடைத்தெருவில் ஒரு சின்னப் பித்தளைப் பூட்டு வாங்கி வந்து தகரப் பெட்டியில் போட்டுவிட்டார். எங்கள் வீட்டில் வாசல் கதவைத் தவிர வேறு எதற்கும் பூட்டு இருந்ததில்லை. சாவி முந்தானை முடிச்சில் இருக்கிறது. குனிந்து கோலம் போடும்போது அது தரையில் தட்டும் சத்தம் கேட்டால் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

மகன் மட்டும் விதிவிலக்கு. அவன் போய் நேராக, ‘அம்மாச்சி, உங்கள் பாய்பிரெண்ட் வருகிறாராமே?’ என்று கேட்டுவிட்டான். நான் பயந்துபோனேன். அத்தை சிரித்துவிட்டு, ‘அவன் எங்கே வருவான்! ரயிலேறினால் வாந்தியெடுப்பான்’ என்றாராம்.

மகள், ‘நான் என்ன தப்பு செய்தேன், பெருமையாகத்தானே போட்டேன்’ என்று அழுகிறாள். அவள் பிசிக்ஸ் நோட்டில் ஒரு கடிதம் இன்னும் இருக்கிறது, கையெழுத்து அழகாக இருந்ததால் எடுத்து வைத்தாளாம். பெட்டி பூட்டியிருப்பதால் திருப்பி வைக்க முடியவில்லை. அண்ணனோ, ‘அத்தை வெட்கத்தில் அப்படிச் சொல்கிறார், நேரில் பார்த்தால் மாறிவிடுவார், ஏற்பாட்டை நிறுத்தாதே’ என்கிறான். போன வருடம் அவனிடம் அத்தை கடலுக்குள் போடுகிற நல்ல கண்ணாடி ஒன்று கேட்டிருந்தார். அவன் இரண்டு பவுனில் சங்கிலி வாங்கி அனுப்பினான். அப்படிப்பட்ட பாசம் அவனுக்கு.

நான் என்ன செய்ய வேண்டும்? அவரை வரச்சொல்லலாமா? பார்க்காமலே அத்தை போய்ச் சேர்ந்துவிட்டால் அந்தக் குறை எங்களைச் சும்மா விடுமா? அத்தை பத்திரிகை படிப்பதில்லை, அதனால் தயங்காமல் வெளியிடலாம்.

– பெயர் வேண்டாம், பாம்பன் பக்கம்.

*

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது கையில் பென்சிலை வைத்துக்கொண்டு ஆண்டுகளைக் குறித்தேன். அவர் எழுதிய கடைசிக் கடிதம் 1982 பங்குனி. உங்கள் அம்மா இறந்தது 1986. நடுவில் நான்கு ஆண்டுகள் இருக்கின்றன. 1982-இல் நீங்கள் கைக்குழந்தை, அண்ணனுக்கு நான்கு வயது, உங்களை வளர்க்க உங்கள் அம்மா திடமாக இருந்தார். உங்கள் இருவருக்காக அத்தை அவரை விட்டார் என்று சொல்ல அந்த ஆண்டில் இடமே இல்லை. இந்தத் தேதிகள் எல்லாம் நீங்கள் எழுதியவைதான்.

தாத்தா விஷயமும் அப்படித்தான். பெண்ணை அடக்க நினைக்கிற கோபக்கார அப்பா முதலில் கைவைப்பது தபாலில். பதினோரு கடிதங்களும் பத்திரமாக அத்தையின் கைக்கு வந்து, அவர் பெட்டிக்குள் போயிருக்கின்றன. நான் துப்பறிகிறேன் என்று நினைக்க வேண்டாம். 1982-இல் உண்மையில் என்ன நடந்தது என்பது எனக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. உங்களுக்கும் தெரியாது என்பதைக் காட்டவே இந்தக் கணக்கைப் போட்டேன். உங்களிடம் இருப்பது அவர் எழுதிய பாதி. அத்தை எழுதிய பதில்கள் மலையில் எங்கேயோ இருக்கலாம், இல்லாமலும் போயிருக்கலாம். இந்தக் கதையில் அத்தை வாயால் வந்த வாக்கியம் என்று ஒன்றே ஒன்றுதான் உண்டு: ‘நான்தான் போகவில்லை.’ மீன் கத்தியோடு உட்கார்ந்து, தெளிவாக, எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். வீட்டில் ஒருவரும் அதை நம்பவில்லை. வெட்கம் என்கிறான் அண்ணன். தியாகம் என்கிறீர்கள் நீங்கள். காத்திருப்பு என்கிறாள் மகள். பத்தொன்பது நாள் மௌனத்துக்கு இதற்கு மேல் ஒரு காரணம் தேட வேண்டுமா?

ஏன் நம்ப முடியவில்லை என்று யோசித்துப் பாருங்கள். அத்தை தியாகம் செய்தார் என்றால் உங்களுக்கும் அண்ணனுக்கும் அதில் ஒரு பங்கு கிடைக்கிறது, கடன்பட்டவர்கள் என்ற பங்கு. கடன் என்றால் அடைத்துவிடலாம். ஆனால் 26 வயதில், கூலி வேலை பார்த்த ஒரு பெண், தன்னை விரும்பிய ஒருவரிடம் போவதில்லை என்று தானாகவே முடிவெடுத்தார் என்றால் அதில் நீங்கள் யாருமே இல்லை. அந்த இடத்தில் நிற்கப் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் குளிராகத்தான் இருக்கும். அவர் உங்களை வளர்த்தது அதற்குப் பிறகு வந்த வேறொரு முடிவு. இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டியது நீங்கள்.

நம் மரபும் இதற்குக் கொஞ்சம் உடந்தை. சங்கப் பாட்டில் கடற்கரைக்கு நெய்தல் என்று பெயர் வைத்து, இரங்கலை அதற்கு உரிய பொருளாக ஒதுக்கிவிட்டார்கள். கடலோரத்தில் ஒரு பெண் தனியாக நின்றால் போதும், தலைவனை நினைத்து ஏங்குகிறாள் என்று நமக்குத் தோன்றிவிடுகிறது. அவள் நீர்மட்டம் எப்போது வற்றும் என்று பார்த்துக்கொண்டிருக்கலாம். உங்கள் மகள் வைத்த தலைப்பு அந்தப் பழக்கத்தில் வந்ததுதான். அதே மரபில் இன்னொரு விதியும் இருக்கிறது, அதை நாம் மறந்துவிட்டோம். அகப்பாட்டில் தலைவன், தலைவி இன்னார் என்று பெயர் சுட்டக் கூடாது என்கிறது தொல்காப்பியம். பெயர் வந்துவிட்டால் அது அகம் ஆகாது. ஊர் வாயில் விழுவதற்கு அலர் என்று தனியாக ஒரு சொல்லே உண்டு. இருபத்து மூன்று பேர் இருக்கிற வாட்ஸ்அப் குழு, இதயப் பொம்மைகளோடு வந்தாலும், அலர்தான்.

இதை உளவியல் மொழியிலும் சொல்லலாம். சாண்ட்ரா பெட்ரோனியோ என்ற தொடர்பியல் ஆய்வாளர் அந்தரங்கத்தைச் சொத்தைப் போலப் பார்க்கிறார். ஒருவருடைய ரகசியம் இன்னொருவருக்குத் தெரிந்துவிட்டால் இரண்டாமவர் அதில் கூட்டு உரிமையாளர் ஆகிறார். யாரிடம் சொல்லலாம், எதுவரை சொல்லலாம் என்பதை முதல் உரிமையாளரிடம் கேட்டுத்தான் அவர் நடக்க வேண்டும். கேட்காமல் நடந்தால் எல்லையில் குழப்பம் வரும், உறவு கலங்கும். அத்தை இந்தக் கோட்பாட்டையே இரண்டு சொல்லில் கேட்டுவிட்டார். ‘யாரைக் கேட்டு?’

இங்கே நானும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் பத்திரிகை படிக்க மாட்டார், அதனால் வெளியிடலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்ததும் உங்கள் கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். அனுமதி கொடுத்தது நீங்கள், கதை அவருடையது. ஊரை அடையாளம் காட்டும் இடங்களை எடுத்துவிட்டேன், ஆளை அடையாளம் காட்டும் சிலவற்றை மாற்றிவிட்டேன். காதல் கடிதத்திலிருந்து நீங்கள் எடுத்துக் கொடுத்திருந்த மூன்று வரிகளை நீக்கிவிட்டேன். அழகான வரிகள். நானும் படித்துவிட்டேன் என்பதுதான் எனக்கு உறுத்தல்.

இனிச் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன்.

முதலில் அந்தப் பெரியவர். வயது 72, மனைவியை இழந்தவர். யாரோ சிங்கப்பூரிலிருந்து கூப்பிட்டு, நாற்பது ஆண்டுக்கு முந்தைய ஒரு பெண் தன்னைப் பார்க்கக் காத்திருப்பதாக அவரை நம்ப வைத்திருக்கிறார்கள். இது அவருக்கும் இழைத்த அநியாயம். அண்ணன்தான் அவரைக் கூப்பிட வேண்டும், நீங்கள் இல்லை. கூப்பிட்டு, ‘அத்தையைக் கேட்காமல் நாங்களாகச் செய்த ஏற்பாடு இது, எங்களை மன்னியுங்கள்’ என்று சொல்ல வேண்டும். ‘அத்தைக்கு உங்களைப் பார்க்க விருப்பமில்லை’ என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. அதுவும் அத்தை சொல்லாத ஒன்று. அவர் தை அமாவாசைக்கு ராமேஸ்வரம் வருவதும் வராததும் அவர் பாடு, திதி கொடுப்பது அவர் மனைவிக்கு. கோயிலும் தீர்த்தமும் எல்லோருக்கும் பொது. உங்கள் வீட்டு வாசல் அப்படி இல்லை.

அதன் பிறகு அத்தையிடம் ஒரே ஒரு முறை பேசுங்கள். அடுப்படியிலோ கிணற்றடியிலோ, கையில் வேலை இருக்கும்போது பேசுங்கள். எதிரே உட்கார வைத்துப் பேசினால் அது பஞ்சாயத்து ஆகிவிடும். ‘கேட்காமல் படித்தது தப்பு, ஊருக்குச் சொன்னது அதைவிடத் தப்பு. ஏற்பாட்டை நிறுத்திவிட்டோம். நம்பர் அண்ணனிடம் இருக்கிறது, வேண்டுமென்றால் கேளுங்கள், நானாக இனி எடுக்க மாட்டேன்.’ இவ்வளவு போதும். ‘ஆனாலும் அத்தை’ என்று ஒரு வாக்கியம் தொடங்கத் தோன்றும். அதைத் தொடங்காதீர்கள். உங்களுக்காகத்தானே செய்தோம் என்றோ, தாத்தாவைத் தப்பாக நினைத்துவிட்டோம் என்றோ சொல்லக் கூடாது. அழவும் கூடாது. நீங்கள் அழுதால் அவர் தேற்ற வேண்டிவரும், நாற்பது வருடமாக அந்த வேலையைத்தான் பார்க்கிறார்.

மௌனம் உடனே கலையாது. அதைப் பற்றி நான் பெரிதாகக் கவலைப்படவில்லை, காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. சமைக்கிறார், சாப்பிடுகிறார், கடலுக்குப் போகிறார், பக்கத்து வீட்டில் சிரிக்கிறார். மனச்சோர்வு ஆளைப் பார்த்துப் பேசாது, எல்லாப் பக்கமும் சேர்த்துத்தான் மூடும். இது உங்கள் இருவருக்கு மட்டும் கொடுக்கிற தண்டனை, நியாயமான தண்டனை. ஆனால் சாப்பாடு குறைந்தால், தூக்கம் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டால், பாசிக்குப் போவதை நிறுத்தினால், அல்லது சாவைப் பற்றிப் பேசினால், காத்திருக்காமல் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அழைத்துப்போங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம்.

‘பார்க்காமலே போய்ச் சேர்ந்துவிட்டால்’ என்று எழுதியிருக்கிறீர்கள். முதியவர்கள் தம் வாழ்க்கையைத் தாமே திரும்பிப் பார்த்து வரிசைப்படுத்திக்கொள்வார்கள், அது நோயல்ல, இயல்பு என்று ராபர்ட் பட்லர் என்ற மனநல மருத்துவர் 1963-லேயே எழுதினார். அதுவரை அதை வெறும் புலம்பல் என்றோ மூளைத் தளர்ச்சி என்றோ ஒதுக்கிவந்தார்கள். அந்த வேலை தனியாக, மெதுவாக, பாதி பேச்சிலும் பாதி பேசாமலும் நடக்கிற ஒன்று. பெட்டியில் பதினோரு கடிதங்களை நாற்பது ஆண்டு ஈரம் படாமல் வைத்திருந்தவர், தூக்கிப் போடவும் இல்லை, மலைக்குப் போகவும் இல்லை. இரண்டும் சேர்ந்ததுதான் அவர் எடுத்த முடிவு. கடிதத்தை வைத்திருக்கிறார் என்பதாலேயே ஆளும் வேண்டும் என்று ஆகிவிடாது. உங்கள் அம்மாவின் கல்யாணப் படமும் அதே பெட்டியில்தானே இருந்தது?

மகளிடம் பேச, ‘உன் போனுக்கு ஏன் பூட்டு?’ என்ற உதாரணம் உங்களுக்கே தோன்றியிருக்கும். அதை எடுக்காதீர்கள், எடுபடாது. என்னுடையது இப்போது நடக்கிற விஷயம், அம்மாச்சியுடையது பழைய கதை என்பாள். சிக்கல் அங்கேதான் இருக்கிறது. பதினேழு வயதில் கிழவிகளின் இளமை என்பது குடும்பத்துப் பழைய நகை மாதிரி, யார் வேண்டுமானாலும் எடுத்துப் போட்டுப் பார்க்கலாம் என்று தோன்றும். கடிதத்தில் இருக்கிற 23 வயதுப் பெண் வேறு, அடுப்படியில் இருக்கிற அம்மாச்சி வேறு என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். அவளிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: ‘நாற்பது வருடம் காத்திருந்தார் என்று உனக்கு யார் சொன்னது?’ பதில் சொல்லட்டும் என்று விட்டுவிடுங்கள். திட்ட வேண்டாம். அழுதிருக்கிறாள், கையெழுத்தை ரசித்திருக்கிறாள், நல்ல மனது. குழுவில் போட்ட படங்களை அவளே நீக்கட்டும், சேமித்து வைத்தவர்களிடம் அவளே ஒவ்வொருவராகக் கேட்டு அழிக்கச் சொல்லட்டும். காரணம் கேட்பார்கள். ‘அது என்னுடையது இல்லை’ என்று சொன்னால் போதும். இருபத்து மூன்று பேரிடமும் இதைச் சொல்லும்போது கொஞ்சம் கூசும். கூசட்டும்.

அண்ணன்தான் கடினம். தூரத்தில் இருப்பவர்களின் பாசத்துக்கு ஒரு அவசரம் உண்டு. வருடத்துக்கு ஒரு முறை வருபவன் பெரிதாக ஏதாவது செய்தாக வேண்டும் என்று தவிப்பான். அவனிடம் வாதாட வேண்டாம். நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒன்று என் கண்ணில் நின்றது. அத்தை வாய்விட்டுக் கேட்ட பொருள் ஒன்று உண்டு, கடலுக்குள் போடுகிற கண்ணாடி. வந்தது இரண்டு பவுன் சங்கிலி. உப்புத் தண்ணீரில் முகத்தை வைத்துப் பாசி தேடுகிறவருக்குச் சங்கிலி எதற்கு? நல்ல கண்ணாடி ஒன்று, முகத்துக்குச் சரியாக ஒட்டுகிற ரப்பரோடு, வாங்கி அனுப்பச் சொல்லுங்கள். கடனை அடைத்த மாதிரி ஆகாது. கேட்டது கிடைத்த மாதிரி ஆகும்.

உங்கள் மகனைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. வீட்டில் அத்தையிடமே போய்க் கேட்ட ஒரே ஆள் அந்தப் பன்னிரண்டு வயதுக்காரன். அவனுக்கு மட்டும் பதில் கிடைத்தது. ‘அவன்’ என்றாராம், ‘ரயிலேறினால் வாந்தியெடுப்பான்’ என்றாராம். அந்த இடத்தில் பென்சிலை வைத்துவிட்டு நான் சிரித்தேன். பிறகுதான் உறைத்தது: சாலைப் பாலத்தை 1988-இல்தான் திறந்தார்கள். 1978-இல் மண்டபத்திலிருந்து பாம்பனுக்குப் பாலத்தைத் தாண்டி வர ரயிலை விட்டால் வேறு வழி ஏது? அப்படியென்றால் அந்த மனிதர் ஒவ்வொரு நாளும்...

பார்த்தீர்களா, நானும் தொடங்கிவிட்டேன். ஒரு வாக்கியம் கிடைத்தால் போதும், நமக்கு மூன்று மணி நேரக் கதை ஓடும். அதை அங்கேயே நிறுத்திக்கொள்கிறேன், நீங்களும் உங்கள் வீட்டில் நிறுத்துங்கள். மகனிடம், அம்மாச்சி வேறு என்ன சொன்னார் என்று துருவாதீர்கள், அவனை ஒற்றன் ஆக்காதீர்கள். அவனிடம் சொன்னது அவனிடம் இருக்கட்டும்.

கடைசியாக அந்தப் பிசிக்ஸ் நோட்டுக் கடிதம். பெட்டி பூட்டியிருப்பதால் திருப்பி வைக்க முடியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பூட்டியிருப்பது நல்லதாகப் போயிற்று. கொக்கி மட்டும் இருந்திருந்தால் அவள் யாருக்கும் தெரியாமல் உள்ளே வைத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பாள். பத்துதான் இருக்கிறது என்பது அத்தைக்குத் தெரியாமலா இருக்கும்? மகள் அதைக் கையில் எடுத்துக்கொண்டு போய் அத்தையின் கையிலேயே கொடுக்க வேண்டும். மடிப்பைப் பிரிக்காமல், படம் எடுக்காமல், பாசிக்குப் போகாத ஒரு நாளில், அவர் தனியாக இருக்கும்போது கொடுக்கட்டும். என்ன சொல்ல வேண்டும் என்று நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள். கூடவும் போகாதீர்கள், கதவுக்குப் பின்னால் நின்று கேட்கவும் வேண்டாம். அன்றைக்கு ஏழரை பஸ்ஸுக்குப் பதிலாக ஏழு மணி பஸ்ஸைப் பிடித்துவிடுங்கள்.

அங்கே என்ன நடந்தது என்று எனக்கும் எழுத வேண்டாம்.